அருளாயி கொடுத்த கிட்னி

வெள்ளோட்டுப் பக்கம் திராட்சைப் பந்தல் போட்ட ஊர்களில் இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள். மகனுக்குக் கிட்னி கொடுத்த அருளாயி என்றால் வீட்டைக் காட்டுவார்கள். கொடுத்தது அருளாயி இல்லை, அவள் மகள் டெய்சி. இது ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அருளாயிக்கு, மகன் பெலிக்ஸுக்கு, டெய்சிக்கு. பிறகு இன்னும் ரெண்டு பேருக்குத் தெரிய வந்தது. தெரிந்தும் ஒன்றும் மாறவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு யாரையும் வைய வேண்டாம் பிள்ளைகளா. வைய ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகும்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். பெலிக்ஸுக்கு இருபத்தாறு வயது. அப்பன் போன பிறகு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சையை அவன்தான் பார்த்துக்கொண்டான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கி, முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்க இறங்கினால் தலைமுடி வரைக்கும் நீலமாகத்தான் வெளியே வருவான். அந்த வருஷம் காலையில் எழுந்தால் முகம் உப்பியிருந்தது. "மாப்பிள்ளைக் களை வந்திருச்சுடா" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். செருப்பைக் கழற்றினால் வார் பட்ட இடம் பள்ளமாக அப்படியே நின்றது. கொடியைக் கவாத்து வெட்டுகிற அன்றைக்குப் பந்தலுக்கடியில் குத்தவைத்து வாந்தி எடுத்தான். திண்டுக்கல்லில் பார்த்த டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு அன்றைக்கே மதுரைக்குப் போகச் சொன்னார். ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு, இனி வாரத்துக்கு ரெண்டு தடவை மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும், இல்லையென்றால் சொந்தத்தில் யாராவது ஒரு கிட்னி கொடுக்கணும் என்றார்கள் அங்கே.

அருளாயி நின்ற இடத்திலேயே முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"என்னோடத எடுங்க சார். ரெண்டையும் வேணும்னாலும் எடுங்க."

இதை நான் மறைக்கக் கூடாது. அவள் வாய்க்குச் சொன்ன வார்த்தை இல்லை அது. அவளுக்குச் சர்க்கரை இருப்பதே அங்கே ரத்தம் எடுத்தபோதுதான் தெரிந்தது. "சர்க்கரை உள்ளவங்ககிட்ட எடுக்க மாட்டோம்மா. எடுத்தா நாளைக்கு நீங்களும் இந்த மிஷின்ல வந்து படுக்கணும்" என்றார் டாக்டர். மூன்று தடவை போய் நின்றாள். மூன்றாம் தடவை காலில் விழுந்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு கேட்டார்:

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

வேறு யார் இருந்தார்கள் என்றால், வெளியே பெஞ்சில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு டெய்சி இருந்தாள். இருபத்திரண்டு வயது. அவள் ரத்தம் பொருந்தியது.

ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். "யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? பயப்படாமச் சொல்லு."

"இல்லீங்க."

"கல்யாணம் ஆகாத பொண்ணு. யோசிச்சியா?"

"எங்கண்ணன்ங்க" என்றாள் டெய்சி. அந்த அம்மா காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இடது பக்கம் முதுகிலிருந்து வயிறு வரைக்கும் கிழித்து, கடைசி விலா எலும்பின் நுனியையும் நறுக்கி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். பெலிக்ஸுக்கு வைத்த கொஞ்ச நேரத்திலேயே அது மூத்திரம் விட ஆரம்பித்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னபோது, அருளாயி ஆஸ்பத்திரிச் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பார்வைக்கு யாரையும் விடவில்லை என்பதால் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வேனில் மூன்று பேரும் திரும்பினார்கள். பெலிக்ஸ் இன்னும் வெகு நாள் மதுரையிலேயே அறை எடுத்துத் தங்கவேண்டும். அறைக்கு வேண்டிய பாத்திரம் பண்டத்தை எடுத்துவிட்டு மறுநாளே போவதாக ஏற்பாடு. கொடைரோடு தாண்டும்போது அருளாயி மகள் பக்கம் திரும்பினாள்.

"எறங்கையில நான் சாஞ்சுக்கிட்டு எறங்குறேன். நீ பையத் தூக்கிக்கிட்டு எறங்கு."

"ஏம்மா?"

"நான் குடுத்ததா இருக்கட்டும்."

டெய்சிக்கு முதலில் விளங்கவில்லை.

"உனக்கு மாப்பிள்ளை பாக்க வேணாமா? ஒத்தக் கிட்னிக்காரின்னு தெரிஞ்சா எவன்டி வாசப்படி மிதிப்பான்? நான் தாலியறுத்தவ, எனக்கென்ன. ஏ பெலிக்ஸு, நீயும் கேட்டுக்க. வாய் தவறிக்கூட சொல்லிப்புடாத."

பெலிக்ஸ் மூக்கை மூடிக் கட்டிய துணியோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். "சரிம்மா" என்றான்.

வேன் நின்றது. ஊர் கூடியிருந்தது. தாய்மாமன் பாக்கியராஜ் ஓடிவந்து தங்கச்சியைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினார். தையல் பிரித்து மூன்று நாள் ஆன டெய்சி ரெண்டு பைகளையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் வீட்டில் அருளாயி கட்டிலில் கிடந்தாள். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் நாட்டுக்கோழி முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் கொண்டு வந்தார்கள். மதுரையில் பெலிக்ஸுக்குச் சமைத்துப்போட ஒரு சித்தி போனாள். வந்தவர்களுக்குக் காப்பி போட்டது டெய்சி. "ஏன்டி, பெத்தவளே வலியப் பொத்திக்கிட்டுக் கெடக்கா, நீ என்ன நொண்டிக்கிட்டுத் திரியிற? எளவட்டப் புள்ள, வெரசா நட" என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வாங்கினார்கள். கூட்டம் கலைந்ததும் அருளாயி எழுந்து கதவைச் சாத்திவிட்டு, சூப்பைச் சுடவைத்து மகளுக்கு ஊற்றிக் கொடுப்பாள். அழுதுகொண்டேதான் கொடுப்பாள். அதையும் சொல்ல வேண்டும்.

முதல் மாதம் நடித்தாள். அடுத்தடுத்த மாதங்களில் அது நடிப்பு என்று அவளுக்கே மறந்தது. எழுந்திருக்கும்போது இடது இடுப்பில் கை போனது. மழைக்காற்று அடித்தால் "உள்ள இழுக்குது" என்றாள். கேட்பவர்களிடம் ஆபரேஷன் அறையின் வெள்ளை விளக்கையும், முதுகில் வைத்த பஞ்சின் குளிர்ச்சியையும், கண் விழித்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதையும் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தன. டெய்சி பக்கத்தில் படுத்துக்கொண்டு அவளிடம் சொன்னவைதான் அவை.

நாலாவது மாதம் டெய்சி பந்தலுக்குப் போனாள். திராட்சை வேலை முழுக்கத் தலைக்கு மேலேதான் பிள்ளைகளா. கொத்தில் அழுகல் பழத்தைக் கத்திரியால் நறுக்குவதா, கொடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவதா, பழம் வெட்டுவதா, எல்லாவற்றுக்கும் அண்ணாந்து நின்று ரெண்டு கையையும் தூக்க வேண்டும். இடது கையைத் தூக்கினால் யாரோ உள்ளேயிருந்து நூலைச் சுண்டுகிற மாதிரி இருந்தது. ஒரு கையால் கொத்தைப் பிடித்து அதே கையால் நறுக்கப் பார்த்தாள். கூட வேலை செய்த முத்துப்பேச்சி சும்மா விடுகிற ஆளா?

"ஏ, இங்க பாருங்கடி. இவுக ஆத்தா ஒத்தக் கிட்னிய வச்சிக்கிட்டு நேத்து வெறகுக் கட்டு தூக்கிட்டுப் போறா. இந்த மகராசிக்கு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு, கை மேல எந்திரிக்க மாட்டேங்குது."

"சுளுக்கு அக்கா."

"சுளுக்கா? அத நாலு மாசமாச் சொல்ற. சுளுக்குக்குப் பேரு வச்சு காது குத்தலாம் போல."

பந்தல் முழுக்கச் சிரித்தது. டெய்சியும் சிரித்தாள்.

கொடுத்தவர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் வருஷம் கிளம்பினாள். "அவனோட நான் போனாத்தான் சரி. நீ எதுக்குப் போறன்னு ஊரு கேக்கும்" என்றாள் அருளாயி. போகவில்லை. அடுத்த வருஷம் கிளம்பவே இல்லை.

பெலிக்ஸ் தேறினான். காலையிலும் சாயங்காலமும் கோயிலில் ஆறு மணி அடித்தால் அவனுக்கு மாத்திரை. மணி நின்று டம்ளர் தண்ணீர் கைக்கு வருவதற்குள் விழுங்கிவிடுவான். அந்த மாத்திரையால் முகம் உருண்டையானது, கையெல்லாம் முடி மொசுமொசுவென்று வளர்ந்தது, ஈறு தடித்தது. ஆனால் மண்வெட்டி பிடித்தான், பழப்பெட்டியைத் தூக்கி லாரியில் ஏற்றினான். மூன்று வருஷம் டெய்சியின் கிட்னி ஒரு குறையும் வைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறு மே மாதம் டெய்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வடமதுரையில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பிராங்கிளின். தாய் ரோசலின் சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்க வேண்டும் என்று உபதேசியார் வாசித்த மூன்று தடவையும் அருளாயி மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தழும்பைப் பார்த்துவிட்டு பிராங்கிளின் கேட்டான். "கல்லு ஆபரேஷன்" என்றாள், அம்மா சொல்லிக்கொடுத்தபடி. "பாவம், ரொம்ப வலிச்சிருக்குமே" என்று மட்டும் சொன்னான். நல்ல பையன்தான். கையில் கிரீஸ் வாசம் போகாது, ஆனால் தொட்டால் மெதுவாகத்தான் தொடுவான்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகுதான் சிக்குன்குனியா வந்தது. உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். ஊரே குனிந்து நடந்தது. சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை, பந்தலில் பழம் வெட்ட ஆள் இல்லாமல் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. டவுனிலிருந்து முத்துச்சாமி என்று ஒரு கம்பவுண்டர் டிவிஎஸ்ஸில் வந்து ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு ஊசி போட்டார். ஊசி போட்ட அரை மணி நேரத்தில் நிமிர்ந்து நடக்கலாம் என்பதால் ஊருக்கு அவர்தான் டாக்டர். பெலிக்ஸும் அருளாயியும் வரிசையில் நின்றார்கள்.

"வாங்கத்தா. நீங்க ஒத்தக் கிட்னிக்காரவுக, உங்களுக்கு இந்த ஊசியே ஆகாது" என்றார் முத்துச்சாமி. விவரம் தெரிந்த மனுஷன்தான். "வலி ஊசி கிட்னியப் பிடிச்சிரும். சாதா காய்ச்ச மாத்திரை தாரேன். வலியப் பொறுத்துக்கங்க."

"அப்ப எம்மவனுக்கு?"

"அவருக்கென்ன, புதுசு வச்ச ஆளு. பழசு வச்சிருக்குற நம்மளவிட அவருதான் கெட்டி."

வரிசையில் நின்றவர்கள் வலியோடு சிரித்தார்கள்.

பெலிக்ஸ் தயங்கினான். எந்த ஊசி, எந்த மாத்திரை என்றாலும் தன்னைக் கேட்காமல் தொடக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். "மதுரைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிருவோமாம்மா?"

"எனக்கே இம்புட்டுப் பாத்துப் பாத்துக் குடுக்குறாரு. உனக்குத் தெரியாமயா போடுவாரு? கையக் குடுப்பா."

கொடுத்தான். வலி பறந்தது. மறுநாளும் போனான். ஆறு நாள், ஆறு ஊசி, வீட்டுக்குப் பத்து வலி மாத்திரை. கூட நாலு நாள் வாந்தியில் அவனுடைய ஆறு மணி மாத்திரையும் வெளியே போனது. காய்ச்சல் விட்டது. கால் வீங்கியது. சிக்குன்குனியா வீக்கம் என்று வேப்பெண்ணெய் தடவினார்கள். மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது.

டிசம்பரில் மறுபடியும் மிஷின். கிட்னி போய்விட்டது என்றார் டாக்டர். இறந்தவர்களிடமிருந்து வாங்கி வைப்பது இங்கே இன்னும் சரிவர நடப்பதில்லை, பேரை எழுதி வைக்கலாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது; உறவில் இன்னொருவர் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

பொங்கல் கழிந்த ஞாயிறு, பூசை முடிந்து பாக்கியராஜ் எல்லாரையும் பெலிக்ஸ் வீட்டில் கூட்டினார். டெய்சியையும் பிராங்கிளினையும் ரோசலினையும் வடமதுரையிலிருந்து வரச் சொல்லியிருந்தார். கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். கை கழுவிய பிறகு பாக்கியராஜ் துண்டால் வாயைத் துடைத்தார்.

"ஏத்தா டெய்சி, சுத்தி வளைக்காமக் கேக்குறேன். உங்காத்தா ஒண்ணக் குடுத்துட்டா. இனிமே அவகிட்ட எடுக்க ஒண்ணுமில்ல. கூடப் பொறந்தவன்னு பாத்தா நீ ஒருத்திதான். என்ன சொல்ற?"

டெய்சி அம்மாவைப் பார்த்தாள்.

"அங்க என்ன பார்வை? உங்காத்தாவ நான் கேக்கல. உன்னயத்தான் கேக்குறேன்."

ரோசலின் குறுக்கே வந்தாள். "நல்லா இருக்கே ஞாயம். கல்யாணம் ஆகி வருசம் திரும்பல, வயித்துல ஒண்ணு தங்கல. அதுக்குள்ள என் மருமகளக் கூறு போடவா கோழி அடிச்சுக் கூப்புட்டீக?"

"ஒரு கிட்னியோட நூறு வயசு வாழலாம்னு டாக்டரே சொல்றாருங்க. இந்தா இருக்காளே அருளாயி, நாலு வருசமா என்ன கொறஞ்சு போனா? வெறகு வெட்டுறா, வாய்க்கா வெட்டுறா, நம்மளையும் வெட்டுறா."

செத்த நேரம் சிரிப்பு ஓடி அடங்கியது. அப்போதுதான் பிராங்கிளின் எழுந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, நீ சும்மா இரு. மாமா, அவளுக்கு இஷ்டம்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். மச்சான் உசுரு. புள்ளகுட்டியெல்லாம் பெறகு பாத்துக்கலாம்."

"மாப்பிள்ளன்னா இவருதான்யா மாப்பிள்ளை" என்றார் பாக்கியராஜ். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எல்லார் முகமும் டெய்சி பக்கம் திரும்பியது.

அவள் மறுபடி அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மா சொன்னால் போதும். ஒரு வார்த்தை. கட்டிலில் பெலிக்ஸ் கண்ணை மூடிக் கிடந்தான். தூங்கவில்லை, இமை துடித்தது. அருளாயி கட்டில் ஓரத்தில் இடது இடுப்பில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு பிரிந்தது.

"விடுங்கண்ணே. அவளுக்குப் பயம். சின்னதுல இருந்தே ஊசின்னா கட்டிலுக்கடியில போய் ஒளிவா. எல்லாருக்கும் அந்த மனசு வந்துருமா?"

மகளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அவளைக் கேட்டால் இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

"அதான பாத்தேன்" என்றாள் வாசலில் நின்ற முத்துப்பேச்சி. "பந்தலுக்குக் கீழ கையத் தூக்காதவ, இவளா குடுப்பா?"

பெலிக்ஸ் கண்ணைத் திறக்காமலே பேசினான். "அவ குடுக்க வேணாம் மாமா."

"பாத்தியா டெய்சி, பாத்தியா? சாகக் கெடக்குறவன் தங்கச்சிக்காகப் பேசுறான். நீ இன்னும் வாயத் தொறக்கல." பாக்கியராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வடமதுரைக்கு வந்த பிறகு நாலு நாள் பிராங்கிளின் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்தான். "சும்மா டெஸ்ட் மட்டும் எடுப்போம் டெய்சி. சேரலன்னு வந்துட்டா உன் பேரும் தப்பிச்சிரும். உன்னயக் கல்நெஞ்சுக்காரின்னு பேசுறத என்னால கேக்க முடியல."

டெய்சி உடனே சரி என்றாள். தன் வாயால் சொல்ல முடியாததை டாக்டர் வாய் சொல்லட்டும் என்று அவளுக்குள் ஒரு ஆசை எழும்பியது. மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் பாட்டு முனகியதாகக்கூட பிராங்கிளின் பின்னால் நினைத்துக்கொண்டான்.

டாக்டர் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"டெய்சிதான? என்னம்மா, வருசா வருசம் வந்து காட்டச் சொன்னேன், ஆளயே காணோம். அண்ணனத்தான் மிஷின்ல பாக்குறேன். கூட யாரு, வீட்டுக்காரரா?"

"ஆமா சார்" என்றான் பிராங்கிளின். "மச்சானுக்குக் குடுக்குறதுக்கு இவளுக்கு டெஸ்ட் எடுக்கலாம்னு..."

டாக்டர் பேனாவை வைத்தார். "என்னப்பா பேசுற? ஒரே ஆள்கிட்ட எத்தன தடவ எடுப்பாங்க?"

பிராங்கிளின் டெய்சியைப் பார்த்தான். டெய்சி தரையைப் பார்த்தாள். டாக்டர் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். காற்றை இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

"நூத்தி எழுபது. எத்தன நாளா இருக்கோ. மூத்திரத்தையும் ரத்தத்தையும் பாக்கணும். இருக்குறது ஒண்ணும்மா. வருசத்துக்கு ஒரு தடவ வந்திருந்தா ஆரம்பத்துலயே ஒரு மாத்திரையில கட்டி வச்சிருக்கலாம்." அவர் குரல் உயரவில்லை. "கொடுத்தவங்களப் பாத்துக்கணும்னு ஒருத்தரும் நெனைக்கிறதே இல்ல."

மூத்திரத்தில் உப்பு இருந்தது. உப்பு என்று நாம் சொல்வது. அவர் வேறு பேர் சொன்னார். மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வாடிப்பட்டி தாண்டும் வரைக்கும் பிராங்கிளின் டாக்டர் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தான். பிறகு அவள் கையை எடுத்துத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். டெய்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒருத்தருக்குத் தெரிந்துவிட்டது.

"டெய்சி."

"ம்."

"எங்கம்மாகிட்டச் சொல்ல வேணாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பயந்துக்கிட்டு மாட்டேன்னுட்டான்னு சொன்னா ஒரு வருசம் பேசுவாக. ஒத்தக் கிட்னியோட ஏமாத்திக் கட்டி வச்சுட்டாகன்னு தெரிஞ்சா சாகுற மட்டும் பேசுவாக. உங்கம்மாவையும் இழுப்பாக, என்னையும் கையாலாகாதவன்னுவாக. நீ பயந்துட்டன்னே இருக்கட்டும். நமக்குள்ள தெரியும்ல, அது போதாதா?" அவள் கையைத் தடவிக் கொடுத்தான். "மாத்திரைய தலவலி மாத்திரைன்னு சொல்லிக்கிருவோம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் ரோசலின் கேட்டாள். "என்னய்யா ஆச்சு?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு மாட்டேன்னுட்டாம்மா."

ரோசலின் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு நிம்மதிதான், இல்லேங்கல. ஆனா பெத்தவளுக்கு இருந்த மனசு பொறந்தவளுக்கு இல்லாமப் போச்சே. சரி, போய் உலய வையி. வெஞ்சனத்துக்கு அவரக்கா இருக்கு."

கோடை முழுக்க பெலிக்ஸ் மிஷினுக்காக பஸ்ஸில் மதுரைக்குப் போய் வந்தான். ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம். வீட்டைச் சுற்றிப் பழம் பழுத்துக் கிடக்க, ஒரு திராட்சை வாயில் போடக் கூடாது. பிறகு பணம் போதாமல், வாரம் ரெண்டு தடவை என்றிருந்த மிஷின் ஒரு தடவை ஆனது. நெஞ்சில் நீர் கோத்தது. ஆகஸ்ட் கடைசியில் டெய்சி பார்க்கப் போனாள். ஊரில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா வாய்க்காலுக்குப் போயிருந்தாள். டெய்சி ஈரத்துணியால் அண்ணன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில சாமி வந்தாரு" என்றான். "பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன்."

"ம்."

"உன் விசயத்தையும் சொல்லிட்டேன்."

அவள் கை நின்றது. "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். யாரு குடுத்தது, யாரு பேரு வாங்குனது, நான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தது."

"சாமி என்ன சொன்னாரு?"

"சிலுவையவே உருட்டிக்கிட்டு இருந்தாரு. பெறகு ஒரு செபமாலை சொல்லச் சொன்னாரு."

டெய்சி துணியைப் பிழிந்தாள். "பாவசங்கீர்த்தனத்துல கேட்டத சாமி வெளிய சொல்லக் கூடாதேண்ணே."

"தெரியும்." பெலிக்ஸ் மூச்சை இழுத்து இழுத்து விட்டான். "அதனாலதான் அவர்கிட்டச் சொன்னேன்."

அவள் அவன் உதட்டை மறுபடி நனைத்தாள். என்ன செய்வாள் பாவம். தாகம் தாகம்தானே.

நாலாம் நாள் போய்விட்டான்.

அடக்கப் பூசைக்குக் கோயில் நிறைந்து வாசல் வரைக்கும் ஆள். பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் அருளாயியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ரெண்டு பக்கமும் பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு தடவ பெத்தேனே, ரெண்டு தடவ பெத்தேனே" என்று அவள் அரற்றியது உள்ளேயிருந்து வந்த சத்தம். அதில் ஒரு பொட்டுப் பொய் இல்லை. டெய்சிக்கு அந்த வரிசையில் யாரும் இடம் விடவில்லை. தூணோரம் ரோசலின் பக்கத்தில் நின்றாள்.

சாமியார் பிரசங்கத்துக்கு வந்தார். இளவயசு, ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பெலிக்ஸின் உழைப்பைச் சொன்னார், பொறுமையைச் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. அவர் கண் ஜனங்களுக்கு மேலாக அலைந்து தூணோரம் வந்து, டெய்சி முகத்தில் நின்றது. அவர் நெற்றி வேர்த்திருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சகோதரன் உயிர் வாழத் தன் உடலில் ஒரு பாகத்தையே தந்த..." என்று ஆரம்பித்தார். குரல் இடறியது. "தந்த... அந்த நல்ல உள்ளத்துக்காகவும் செபிப்போம்."

பேர் சொல்லவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கோயிலில் இருந்த அத்தனை தலையும் ஒரே சமயத்தில் முதல் வரிசைப் பக்கம் திரும்பியது. அருளாயி அழுகையை நிறுத்தி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாகத் தலை குனிந்தாள்.

"பாரு, உங்காத்தாவ" என்று ரோசலின் டெய்சியின் இடுப்பில் இடித்தாள். இடது பக்கம்.

ஊரோடு சேர்ந்து டெய்சியும் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.